கட்டைவிரல் மூட்டும் கம்பளித் துண்டும்

கல்கத்தாவின் தெற்குப் பகுதியில், ராஸ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் ரோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில், மாலை ஐந்து மணிக்குமேல் நடைபாதையில் இறங்குகிறவர் யாராயினும், தாம் தம் இச்சைப்படி நடப்பதாக எண்ணிக்கொள்ளலாமே தவிர, உண்மையில், கைத்தறிப் புடவைக் குவியலுக்கும் தலையணை உறை விற்பவரின் பலகைக்கும் இடையே மிஞ்சிய குறுகிய வழியில் ஜனத்திரள் எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கமே போய்ச் சேருகிறார். வாங்குபவரின் கண் சரக்கின்மேலும், விற்பவரின் கண் வாங்குபவரின் முகத்தின்மேலும் பதிந்திருக்கும் அவ்விடத்தில் கால்களைக் கவனிப்பார் இல்லை. கொஞ்சம் ஒதுங்கி, மேம்பாலத்தின் அடியில் சதுரங்கம் ஆடுகிற கூட்டத்தின் ஓரமாக நின்று, போகிறவர் வருகிறவர்களின் பாதங்களை மாத்திரம் பார்த்துக்கொண்டிருந்தால் வேறொரு கரியாஹாட் புலப்படும். பேரம் பேசிக்கொண்டே ஓர் அம்மாள் வலது செருப்பைக் கழற்றி, இடது குதிகாலால் வலது கட்டைவிரலின் பக்கவாட்டை அழுத்திவிட்டுக்கொள்கிறாள். ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர் என்று பார்த்தவுடனே தெரிகிற ஒருவர், பாதத்தின் வெளிவிளிம்பால் தரையை மிதித்து, உட்புறம் தரையில் படாதபடி வெகு ஜாக்கிரதையாக நடக்கிறார். காலையிலிருந்து நின்றபடியே வியாபாரம் செய்யும் சட்டைக் கடைக்காரர் சணல் சாக்கை நாலாக மடித்துப்போட்டு அதன்மேல் நிற்கிறார். சாக்குக்காரரின் வலி எங்கென்று தூரத்திலிருந்து சொல்வதற்கில்லை. மற்ற இருவர் நடக்கிற நடையிலிருந்தே அவர்கள் வலி, கட்டைவிரல் பாதத்தோடு சேரும் மூட்டில் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்த மூட்டு வலிக்கு நம் ஜனங்கள் கைக்கொள்ளும் பரிகாரங்கள் எல்லோரும் அறிந்தவை: தைலம் தேய்ப்பார்கள், வெந்நீரில் உப்பைப் போட்டுக் காலை வைத்துக்கொள்வார்கள், இரண்டும் பயன்படாவிட்டால், வயசானால் இப்படித்தான் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். இவற்றுக்கு அப்பால், ஒரு துண்டுக் கம்பளித் துணியையும் ஒரு கத்தரிக்கோலையும் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய உபாயம் ஒன்று உண்டு. படித்த வைத்தியர்களில் சிலர் அதைக் கைவைத்தியம் என்று அலட்சியம் செய்கிறார்கள். கடைக்காரர்களோ, அதே தத்துவத்தை சிலிகானில் வார்த்து, பளபளக்கும் உறையில் போட்டு, பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். என் அபிப்பிராயத்தில் அந்தக் கைவைத்தியம் அலட்சியத்துக்கு உரியதன்று. பாரம் எங்கே விழுகிறது, எங்கே விழக்கூடாது என்று அறிந்து வெட்டப்பட்ட ஒரு திண்டு, குறிப்பிட்ட சில வலிகளுக்கு மாத்திரையைவிட நேரான மருந்து. அதை வெட்டுகிறவருக்கு அந்த அறிவைக் கொடுக்க நாம் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை என்பதே என் குறை.

மனிதப் பாதத்தில் எலும்புகள் 26. அமெரிக்க உடற்கூற்று நிபுணர் டட்லி மார்ட்டன் 1935-இல் வெளியிட்ட மனிதப் பாதத்தைப் பற்றிய நூலில், முன்பாதத்தின்மேல் விழும் பாரத்தை ஆறு பங்காகப் பிரித்தால், நாலு சிறு விரல்களின் அடியெலும்புகளும் தலைக்கு ஒரு பங்கு தாங்க, கட்டைவிரலின் அடியெலும்பு ஒன்றே இரண்டு பங்கு தாங்குகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அந்த இரண்டு பங்கும் நேராக எலும்பின்மேல் விழாமல், அதன் அடியில் தசைநாணுக்குள் பதிந்திருக்கும் இரண்டு சிறு எலும்புகளின் வழியாக விழுகிறது. பாரம் தாங்குவதோடு அந்த மூட்டின் ஊழியம் முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையைவிட்டு எழும் கணத்தில், அது ஏறக்குறைய 60 பாகை மேல்நோக்கி வளைந்துகொடுக்க வேண்டும். வளைந்த நிலையிலேயே உடலை முன்னே உந்தவும் வேண்டும். லேக் மார்க்கெட்டிலிருந்து கோல்பார்க் வரை காலாற நடந்துவிட்டு வருகிறவர், இந்த வேலையை ஆயிரக்கணக்கான தடவை அந்த மூட்டிடம் வாங்கிவிடுகிறார்.

இந்த மூட்டு வலித்தால், வலிக்கிற இடத்தின் அடியில் மெத்தென்று எதையாவது வைப்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை. பஞ்சையும் பழைய பனியன் துணியையும் மடித்துச் செருப்புக்குள் திணித்துக்கொள்கிறார்கள். முதல் நாள் சுகமாக இருக்கும். மூன்றாம் நாள் பஞ்சு தட்டையாகிவிடும். வலியும் முன்னிலும் கூடுதலாகத் திரும்பி வரும். ஏனென்றால், ஏற்கெனவே மிகுந்த பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும் இடத்தை நாம் இன்னும் உயர்த்திக் கொடுத்து, அதன் தலையில் மேலும் பாரத்தை ஏற்றிவிட்டோம். செய்யவேண்டியது இதற்கு நேர் மாறானது: வலிக்கிற இடத்தைத் தவிர்த்து அதன் பக்கத்திலும் பின்னாலும் திண்டை வைத்து, வலிக்கிற இடத்தைக் காலியாக விடவேண்டும். சுற்றியுள்ள தளம் உயர்ந்தவுடன் பாரம் அங்கே போய்விடும். நொந்த மூட்டு பள்ளத்தில் இளைப்பாறும். நாட்டியக்காரர்களும் ஓட்டக்காரர்களும் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் திண்டு இதுதான். கட்டைவிரலின் அடியில் இருக்கும் அந்த இரண்டு சிறு எலும்புகளும் அழற்சியுற்று நோகும்போது, இதைக் காட்டிலும் நேரான உதவி அதிகம் இல்லை.

லேக் மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்த, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஒரு மாமி இந்தத் திண்டைச் செய்துகொண்ட விதத்தை நான் அருகில் இருந்து பார்த்தேன். இணையத்தில் வாங்கிய ஜெல் திண்டு அவர் பாதத்துக்குச் சற்றும் பொருந்தவில்லை. யாரோ ஓர் அன்னிய தேசத்துப் பெண்ணின் நீண்ட பாதத்துக்கு வார்த்தது அது. மாமி தம் பாதத்தின் படத்தைத் தாமே எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தார். அதற்கு அவர் நாடியது, கரியாஹாட்டில் பூஜைச் சாமான் விற்கும் தசகர்மா கடையில் கிடைக்கும் ஆல்தாவை. வங்கப் பெண்கள் பாதத்தின் விளிம்பில் தீட்டிக்கொள்ளும் அந்தச் செம்பஞ்சுக் குழம்பை உள்ளங்கால் முழுவதும் மெல்லிசாகத் தடவி, வெள்ளைத் தாளின்மேல் ஓர் அடி எடுத்து வைத்தார். குதிகாலும் முன்பாதமும் அழுத்தமான சிவப்பில் விழுந்தன. நடுப்பாதத்தின் உட்புறம் வெறுமையாக நின்றது. கட்டைவிரலின் அடியில் மாத்திரம், மற்ற இடத்தைவிடக் கறுத்த சிவப்பில் ஒரு வட்டம். ஆயிரக்கணக்கில் செலவழித்து யந்திரத்தின்மேல் நடந்து எடுக்கும் அழுத்தப் படத்தின் நுட்பம் இதற்கு இல்லைதான். ஆயினும் எந்த இடத்தில் துவாரம் வேண்டும் என்ற கேள்விக்கு இது போதுமான பதில்.

அடுத்தது திண்டுக்கான பொருள். இதற்கு ரப்பர் நுரை உதவாது. மிதிக்க மிதிக்க அது அமுங்கிப்போய் ஒன்றுமில்லாததாகிவிடும். கெட்டியாக அழுத்திய கம்பளி, அதாவது ஃபெல்ட், சீக்கிரம் உயரம் குறைவதில்லை, வியர்வையையும் உறிஞ்சிக்கொள்ளும். கரியாஹாட்டின் நடைபாதையில் எல்லாம் கிடைக்கும் என்பார்கள், ஃபெல்ட் கிடைக்கவில்லை. சங்கீத வாசனை உள்ளவர் ஆதலால் மாமிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது: ஆர்மோனியத்தின் உள்ளே காற்று ஒழுகாமலும் கட்டைகள் சத்தமிடாமலும் இருக்க ஃபெல்ட் வைப்பது வழக்கம் அல்லவா! ராஸ்பிஹாரி அவென்யூவில் வாத்தியங்கள் பழுதுபார்க்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் ஒன்றில், ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனமுள்ள துண்டு, கைக்குட்டை அளவில், ஒரு கோப்பைத் தேநீரின் விலையைக் காட்டிலும் அதிகமில்லாத விலைக்குக் கிடைத்தது.

வெட்டும் முறை இது. திண்டின் பின்விளிம்பு நடுப்பாதத்தின் வளைவில் தொடங்கவேண்டும். முன்விளிம்பு விரல்களின் வேருக்குச் சற்று முன்பே நின்றுவிடவேண்டும், விரல்களுக்கு அடியில் போகக்கூடாது. ஆல்தாப் படத்தில் வட்டம் கறுத்த இடத்தில், உட்பக்கம் திறந்தபடி ஒரு வளைவை வெட்டி எடுத்துவிடவேண்டும். அதை முழு வட்டத் துவாரமாகச் செய்தால், சுற்றுவிளிம்பு தோலை நெரித்து, நடுவில் சதை வீங்கித் துருத்திக்கொள்ளும். ஆகையால் ஒரு பக்கம் திறந்திருப்பதே உத்தமம். வெட்டியதும் வேலை முடிந்துவிடாது. விளிம்பு முழுவதையும் சாய்வாகச் சீவிவிடவேண்டும். சீவாமல் விட்ட படி ஒன்று, அரை நாள் நடையில் புதிதாக ஒரு வலியை உண்டாக்கிவிடும். மாமியின் சமையலறைக் கத்தியால் இந்தக் கடைசி வேலை நடக்கவில்லை. அதற்காக, டிராம் டிப்போவின் பக்கத்தில் நடைபாதையில் பெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முச்சியிடம் போனோம்.

முச்சி என்று வங்கத்தில் அழைக்கப்படும் அந்தச் செருப்புத் தொழிலாளி, இங்கே பலரையும் போல, பிகாரிலிருந்து வந்தவர். சமாசாரத்தைக் கேட்டுவிட்டு, துண்டைக் கையில் வாங்கி, இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, "மாஷிமா, என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் ஓட்டையை அடைக்கச் சொல்வார்கள், ஓட்டை போடச் சொல்லி வந்தவர் நீங்கள்தான்" என்றார். பிறகு தோலைச் சீவும் அகன்ற கத்தியைக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, துண்டைத் தம் தொடைமேல் இருந்த பலகையில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் கம்பளியை அழுத்தியபடி விளிம்பைச் சீவிக்கொண்டே வந்தார். கனமாக இருந்த ஓரம் காகிதம்போல் மெலிந்து, செருப்பின் உள்தளத்தில் ஒட்டிய பிறகு விரலால் தடவினால்கூட எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி படிந்துபோயிற்று. அவர் கேட்ட கூலியைச் சொன்னால் வாசகர் நம்பமாட்டார். பாதத்தின் எலும்புகளைப் பற்றி யாரும் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை. சொல்லிக்கொடுத்திருந்தால், மாமி படம் எடுத்துக்கொண்டு போயிருக்கவே வேண்டியதில்லை.

எல்லாக் கட்டைவிரல் வலிக்கும் இதே திண்டு என்று நினைத்துவிட்டால் பெரிய அபாயம். மூட்டு தேய்ந்து, மேற்புறத்தில் எலும்பு முளைத்து, விரல் மேல்நோக்கி வளையவே மறுக்கும் ஒரு வியாதி உண்டு. பிரிட்டனில் 1887-லேயே அறுவை வைத்தியர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இந்த வியாதிக்காரருக்கு வலி அடியில் இல்லை, மேலே இருக்கிறது. அதுவும் குதிகால் எழும்போதுதான் உச்சமாக இருக்கும். அந்த மூட்டுக்கு வேண்டியது மென்மை அன்று, விறைப்பு. கட்டைவிரலின் நுனி வரை நீளும் விறைப்பான தகடு ஒன்றைச் செருப்பின் உள்தளத்தின் கீழ் வைத்து, மூட்டு வளையாமல் தடுக்கவேண்டும். அடித்தளம் முன்புறம் சற்றே மேல்நோக்கி வளைந்து, பாதம் உருண்டு முன்னே போகும்படி இருந்தால் மேலும் நல்லது. கட்டைவிரலின் கீழ் நீட்டிய இத்தகைய தகட்டுக்கு முன்சொன்ன மார்ட்டனின் பேரையே இன்றும் வழங்குகிறார்கள். இவ்வியாதிக்காரர் ஹவாய்ச் செருப்புப் போடுவதைப்போல் கெடுதி வேறில்லை. அந்த ரப்பர் எந்தத் தடையும் இல்லாமல் மடிந்து, ஒவ்வோர் அடியிலும் தேய்ந்த எலும்பைத் தேய்ந்த எலும்போடு மோதவிடுகிறது. கரியாஹாட் கடைகளில் பாதிப் பேர் காலில் அதுதான்.

கட்டைவிரல் பக்கத்து விரலின்மேல் சாய்ந்து, மூட்டு வெளியே முண்டாகப் புடைத்து, செருப்பின் வாரில் உரசி நோகும் மூன்றாவது வகைக்கு, முண்டைச் சுற்றி வளையமாக ஃபெல்ட் வைப்பார்கள். விரல்களுக்கு இடையே சிறு கட்டை ஒன்றைச் செருகுவார்கள். உரசலைக் குறைப்பதோடு அவற்றின் பயன் தீர்ந்தது. சாய்ந்த விரல் நிமிராது. மேலும், செருப்பு ஏற்கெனவே குறுகலாக இருந்தால், உள்ளே திண்டு வைக்க வைக்க நெருக்கடி கூடுமே ஒழியக் குறையாது. 1958-இல் ஹாங்காங்கில் இரண்டு வைத்தியர்கள், பாதரட்சை அணியும் சீனர்களையும் அணியாத சீனர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, அணிகிறவர்களில் 100-க்கு 33 பேரிடமும், அணியாதவர்களில் 100-க்கு 2 பேருக்கும் குறைவானவர்களிடமும் இந்தச் சாய்வைக் கண்டார்கள். பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இந்த வித்தியாசத்தைப் பார்த்த பிறகும், கூர்மூக்குச் செருப்பைக் குற்றமற்றது என்று விடுதலை செய்ய எனக்கு மனம் வரவில்லை. கல்கத்தாவுக்கு அருகே பாட்டா செருப்புக் கம்பெனியின் பாட்டாநகர் எழும்பிய 1934-ஆம் வருஷத்துக்குப் பிறகு, காலப்போக்கில், துர்க்கா பூஜைக்குப் புதுச் செருப்பு வாங்குவது இவ்வூர் சம்பிரதாயத்தின் ஓர் அங்கமாகிவிட்டது. ஏக்டாலியாவிலும் சிங்கி பார்க்கிலும் பந்தல் பார்க்க இரவெல்லாம் நடக்கிறவர்கள், ஒரு நாளும் பழக்காத அந்தப் புதுச் செருப்போடுதான் நடக்கிறார்கள். பெண்டிங்க் தெருவில் சீனச் செருப்புத் தொழிலாளிகள் பாதத்தைத் தாளில் வரைந்து, அளவெடுத்துத் தைத்துக் கொடுத்த காலத்தை நினைத்துக்கொள்ளும் முதியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தொழில் தேய்ந்ததற்கு வருத்தப்படுகிறவர்களில் கட்டைவிரல்களையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மேல்நாட்டுப் புத்தகங்களைப் படித்துத் திண்டு செய்கிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. அங்கே ஜனங்கள் காலையில் போட்ட பாதரட்சையை இரவில்தான் கழற்றுகிறார்கள். நாமோ வாசலிலேயே கழற்றிவிடுகிறோம். தெற்குக் கல்கத்தாவின் பழைய வீடுகளில் இருக்கும் சிவப்புச் சிமெண்டுத் தரை, பார்ப்பதற்கு எவ்வளவு குளிர்ச்சியோ மிதிப்பதற்கு அவ்வளவு கடினம். சமையலறையில் மூன்று மணி நேரம் அந்தத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஸ்திரீக்கு, வாசற்படியில் கிடக்கும் செருப்பில் எவ்வளவு நேர்த்தியான திண்டு இருந்தென்ன? மாமி இதற்கும் வழி கண்டார். வீட்டுக்காரரின் பழைய பருத்திக் காலுறை ஒன்றில் விரல் பகுதியைக் கத்தரித்துவிட்டு, உள்ளங்கால் பக்கத்தில் இரண்டாவது திண்டைத் தைத்து, பூஜையறைக்கும் போட்டுக்கொண்டு போகக்கூடிய ஒரு சாதனமாக்கிவிட்டார். பாதரட்சையை உள்ளே கொண்டுவரக்கூடாது என்ற ஆசாரத்தையும் கெடுக்காமல் காலையும் காப்பாற்றிக்கொண்ட அந்த யுக்தியை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை.

திண்டு வைக்கவே கூடாத இரண்டு நிலைமைகளையும் சொல்லியாகவேண்டும். முதலாவது, நடு இரவில் திடீரென்று மூட்டு சிவந்து, கொதித்து, போர்வை பட்டாலும் தாங்காதபடி நோகும் கௌட் வியாதி. இரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசிபோன்ற படிகங்களாக மூட்டில் படிவதால் வருவது இது. முதல் தாக்குதலுக்கு அது அநேகமாகத் தேர்ந்தெடுப்பது இந்தக் கட்டைவிரல் மூட்டையே. இதற்குக் கம்பளித் துண்டால் ஆவது ஒன்றுமில்லை. வைத்தியரிடம் போய் இரத்தத்தைப் பரிசோதித்து மருந்து சாப்பிடவேண்டும். காய்ச்சலும் சேர்ந்திருந்தால் மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அப்போது மறுநாள் வரை காத்திருப்பதும் தவறு.

இரண்டாவது, நீரிழிவு. இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் கணக்கிட்டது. அவர்களில் பாதத்தின் உணர்ச்சி மங்கியவர்களுக்கு, தப்பாக வெட்டிய திண்டு உரசிப் புண்ணாக்கினாலும் தெரியாது; இரத்தம் செருப்பில் ஊறிய பிறகே தெரியும். கடையில் விற்கும் ஆணிக்கால் பிளாஸ்திரியின் அமிலமும் இவர்களுக்கு ஆகாது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இரண்டு நிமிஷத்து வேலை. நீரிழிவுக்காரர் எவரும் அந்தச் சோதனைக்குப் பிறகே, அதுவும் வைத்தியரின் மேற்பார்வையிலேயே, திண்டைப் பற்றி நினைக்கவேண்டும்.

உணர்ச்சியற்ற பாதத்துக்கு எப்படிப்பட்ட தளம் வேண்டும் என்ற சாஸ்திரத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் முதன்மையானது நம் தமிழ்நாட்டு வேலூர் என்பதை, வேலூரிலேயே பலர் அறியமாட்டார்கள். கொல்லிமலையில் 1914-இல் ஒரு பாதிரியார் குடும்பத்தில் பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கில அறுவை வைத்தியர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோயாளிகளின் பாதங்கள் நோயின் விஷத்தால் தாமாகவே அழுகிப்போகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. பிராண்டும் அவருடைய சகாக்களும் நோயாளிகளின் பாதங்களை நாள்தோறும் பார்த்து ஆராய்ந்து, புண்ணுக்குக் காரணம் கிருமியன்று, வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று ஸ்தாபித்தார்கள். அப்படியானால் பரிகாரம் மருந்துச் சீசாவில் இல்லை, செருப்பில் இருக்கிறது. வைத்தியசாலையோடு சேர்த்து ஒரு செருப்புப் பட்டறையை வைத்து, தோல் தொழிலாளிகளை வைத்தியர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, எத்தனையோ பொருள்களைச் சோதித்துப் பார்த்துக் கடைசியில், நுண்ணிய காற்றறைகள் கொண்ட ஒரு ரப்பரைக் கண்டுகொண்டார்கள். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று தமிழ்நாட்டின் அரசு ஆஸ்பத்திரிகளிலும் நோயாளிகள் கேட்டு வாங்கும் செருப்பின் உள்தளம் அதுதான். 1955-இல் தோன்றிய கரிகிரி ஆராய்ச்சி நிலையம் அந்த வேலையைத் தொடர்ந்து வளர்த்தது.

ஹவுராவிலிருந்து காட்பாடிக்கு ரயிலேறும் வங்காளிகளின் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இதில் ஒரு விநோதம் தோன்றும். சிகிச்சைக்காக அவர்கள் வருஷம் முழுவதும் வேலூருக்குப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றிய தெருக்களில் வங்க எழுத்தில் பெயர்ப்பலகைகளும் மீன்குழம்புச் சாப்பாட்டு விடுதிகளும் தோன்றிவிட்டன. வேலூரின் பெரிய யந்திரங்களையும் பெரிய வைத்தியர்களையும் நாடிப் போகிறவர்கள், வேலூரின் மிகச் சுலபமான பாடத்தை, அதாவது வைத்தியனும் செருப்புத் தைப்பவனும் ஒரே பெஞ்சில் உட்காரவேண்டும் என்பதை, கல்கத்தாவுக்குத் திரும்பும்போது கொண்டுவரவில்லை. இதே பாடத்தை ஜெய்ப்பூரும் கற்றுக்கொண்டு புகழ் பெற்றது: ராம் சந்திர சர்மா என்னும் கைவினைஞரும் பி.கே. சேத்தி என்னும் வைத்தியரும் சேர்ந்து உருவாக்கியதே ஜெய்ப்பூர் செயற்கைக் கால். சேத்திக்கு 1981-இல் மகசேசே பரிசு கிடைத்தது; கைவினைஞரின் பேரை நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

கரியாஹாட்டின் சாக்குக்காரர்களையும் மறப்பதற்கில்லை. நாள் முழுவதும் நிற்கிற கால்களுக்கு எந்தத் திண்டையும்விட உபகாரமானது ஒரு முக்காலி. கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தின. தி.நகர் ஜவுளிக்கடைகளில் அந்த இருக்கைகள் எத்தனை இடத்தில் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதை, அடுத்த தடவை தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும் வாசகர்களே பார்த்துச் சொல்லட்டும். நடைபாதை வியாபாரியோ தமக்குத் தாமே முதலாளி. அவரை உட்கார விடாதது சட்டமன்று, இடநெருக்கடி. 1996-இல் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பேரில் இந்த நடைபாதைகளிலிருந்து ஒரே இரவில் துரத்தப்பட்டு மறுபடியும் வந்து சேர்ந்தவர்களுக்கு, இரண்டடி இடத்தில் முக்காலி போடுவதா சரக்கை வைப்பதா என்ற கேள்விக்கு விடை ஒன்றுதான்.

முச்சியின் விஷயம் வேறு. அதில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. 2014-ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம் பண்டம் விற்பவரை மாத்திரமன்றித் தெருவில் ஊழியம் செய்பவரையும் பாதுகாக்கிறது; ஆகவே அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குச் சான்றிதழ் பெற அவருக்கு உரிமை உண்டு. கல்கத்தாவின் பன்ஹூக்லியில், உடல் இயக்கக் குறைபாடுகளுக்கான தேசிய நிலையம் 1978-லிருந்து இயங்கிவருகிறது. செயற்கை உறுப்புகளும் தாங்கிகளும் செய்யும் கலையை அங்கே பட்டப் படிப்பாகவே கற்பிக்கிறார்கள். அடையாற்றில் 1948-இல் தோன்றிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் கல்கத்தாவில் கிளை உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து, நடைபாதை முச்சிகளுக்கு, அவர்கள் கூலி கெடாதபடி வாரம் ஒரு பிற்பகல் வீதம், பாதத்தின் எலும்புகளையும் மூன்று வகைத் திண்டுகளையும், எந்தக் காலைத் தொடாமல் வைத்தியரிடம் அனுப்பவேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுப்பதற்குப் புதுக் கட்டிடமும் வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் எலும்பு வைத்தியப் பிரிவில், நோயாளிகள் வரிசையில் நிற்கும் தாழ்வாரத்தின் ஓரத்தில், அப்படிப் பயின்ற ஒருவருக்கு ஒரு பெஞ்சும் ஒரு மேசையும் கொடுத்தால், வலிமாத்திரைச் சீட்டோடு திரும்புகிறவர்களில் பலர் செருப்பைச் சரிசெய்துகொண்டு திரும்புவார்கள்.

அது நடக்கும் வரையில், மூட்டு நோகிறவர் முதலில் வைத்தியரிடம் வியாதியின் பேரைக் கேட்டுக்கொள்ளட்டும். பிறகு ஒரு சீசா ஆல்தாவும் ஒரு வெள்ளைத் தாளும் வாங்கிக்கொண்டு, தம் தெருமுனையில் உட்கார்ந்திருக்கும் தொழிலாளியிடம் போகட்டும். அவர் கேட்கும் கூலியை மட்டும் தயவுசெய்து பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.